பூசணியின் இடது கை

மார்ச் 4

அன்புள்ள அண்ணி,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் உங்கள் மகள் பூசணி, நான், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் தலைகாட்டும் உங்கள் கணவர். அண்ணனின் லாரியில் ஐஸ்பெட்டி வேலை செய்யவில்லை என்று நேற்று முழுக்கப் பட்டறையில் நின்றுவிட்டு வந்தான். வந்ததும் பிள்ளையைத் தூக்கி முகர்ந்தான், அப்படியே சோபாவில் தூங்கிவிட்டான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஃபோன் வேண்டாம் என்று முடிவு செய்தது நான் இல்லை. அன்றைக்கு வீடியோவில் உங்கள் முகத்தைப் பார்த்ததும் பூசணி திரையை அறைந்து அறைந்து அழுது, தின்றதெல்லாம் வெளியே வந்துவிட்டது. அந்தப் பக்கம் உங்களுக்கும் இருமல் நிற்கவில்லை. உங்கள் வார்டு நர்ஸ்தான், "கொஞ்ச நாளைக்கு வேணாம்மா, ரெண்டு பேருக்குமே நல்லதில்ல" என்றார். அதனால்தான் கடிதம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. கடையில் மூக்குக்கண்ணாடியின் பவரை எழுதித் தருவதோடு சரி.

எங்கள் மூவருக்கும் இரண்டாவது முறையும் சோதித்தார்கள். உங்கள் நோய் யாரையும் தொடவில்லை. அந்தக் கவலையை விடுங்கள்.

பூசணி பலே ஆள் ஆகிவிட்டாள். நேற்று தரையில் கிடந்த ஒரு நூலை வலது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுத்து என்னிடம் கொடுத்தாள். எவ்வளவு கவனம்! எங்கள் கடையில் கண்ணாடிக் காதுக்குத் திருகு போடுகிற பையன் தோற்றான். பழைய பால்பவுடர் டப்பாவின் மூடியில் நீளமாக ஒரு பொத்தல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பெரிய பெரிய பாட்டில் மூடிகளை ஒவ்வொன்றாக அதற்குள் போடுகிறாள். டொக் என்று சத்தம் வந்தால் என்னைப் பார்க்கிறாள். கை தட்டச் சொன்னால் என் உள்ளங்கையை இழுத்து வைத்து அதில் தட்டுகிறாள். எல்லோருக்கும் பங்கு வேண்டும் என்கிற நல்ல மனசு, உங்களைப் போல.

மாத்திரையை விழுங்குங்கள். சாப்பிடுங்கள்.

உங்கள்,
கண்ணாடி


மார்ச் 11

அடி கண்ணாடி,

கடிதம் கிடைத்தது. ஐந்து முறை படித்தேன். இங்கே படிக்க வேறு ஒன்றும் இல்லை, மாத்திரை அட்டையைத் தவிர.

எங்கள் வார்டில் ஜன்னல்கள் எப்போதும் திறந்தே இருக்கும். காற்று ஓட வேண்டுமாம். பக்கத்துப் படுக்கையில் ஒரு கல்லூரிப் பெண், எதிரில் ஓய்வு பெற்ற ரயில் கார்டு ஒருவரின் மனைவி. மூன்று பேரும் முகமூடியோடு சண்டை போடுவோம், மூச்சு வாங்கினால் நிறுத்திக்கொள்வோம். மாத்திரை ஒரு கைப்பிடி. சாதாரண மருந்துக்கு அடங்காத காசநோய் என்பதால் அளவும் அதிகம், குமட்டலும் அதிகம். சளிப் பரிசோதனை விடாமல் சுத்தமாக வந்தால்தான் வெளியே விடுவார்கள்.

இப்போது வேலைக்கு வருகிறேன். பாட்டில் மூடி அவள் வாய்க்குள் போகிற அளவா? போகும் என்றால் தூக்கிப் போடு. உன் கடைத் திருகு ஒன்றுகூட உன் பையோடு வீட்டுக்குள் வரக்கூடாது. விளையாடும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும், ஃபோன் பார்க்கக் கூடாது.

தண்ணீரில் பஞ்சு நனைத்துப் பிழியக் கொடு. மேசை ஓரத்தில் ஒட்டுத்தாளை ஒட்டி உரித்தெடுக்கச் சொல். மாவைப் பிசைந்து உருட்டிக் கொடு, குத்தட்டும், கிள்ளட்டும். ஒன்றே கால் வயதில் விரலுக்கு வேலை கொடுத்தால்தான் பிறகு ஸ்பூனும் பென்சிலும் பிடிக்க வரும் என்று இங்கே ஒரு புத்தகத்தில் போட்டிருக்கிறது.

இத்துடன் ஒரு துணிப்புத்தகம் அனுப்புகிறேன். நானே தைத்தது. ஒரு பக்கம் ஜிப், ஒரு பக்கம் பெரிய பட்டன், ஒரு பக்கம் ஒட்டி உரிக்கிற பட்டை. துணியால் நோய் பரவாது என்று டாக்டரே சொன்னார். பயப்படாமல் கொடு.

சின்னச் சின்ன விஷயமாக எழுது. எதை எப்படிப் பிடிக்கிறாள், எப்படி விடுகிறாள், எல்லாம் எனக்கு வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிற அளவுக்கு எழுது.

அண்ணி


மார்ச் 20

அன்புள்ள அண்ணி,

கோபப்படாதீர்கள். டாக்டர் சொன்னதை நம்பினேன், ஆனாலும் கை கேட்கவில்லை. துணிப்புத்தகத்தைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டுவிட்டேன். சிவப்புச் சாயம் மொத்தமும் இறங்கிவிட்டது. இப்போது எல்லாப் பக்கமும் ரோஸ் நிறம். அண்ணன் பார்த்துவிட்டு, "புத்தகத்த சமைச்சிட்டியா?" என்றான்.

ஆனால் அதுதான் இப்போது அவளுக்கு உயிர். நான் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன், அவள் ஜிப்பை சர்ரென்று இழுப்பாள். பாட்டில் திறப்பதும் அப்படித்தான். பாட்டிலை நான் பிடிக்க வேண்டும், மூடியை அவள் திருக வேண்டும். நான் பிடிக்காவிட்டால் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு திருகுகிறாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல்! மாவில் ஆள்காட்டி விரலால் குழி குழியாகக் குத்துகிறாள். பஞ்சைப் பிழிந்து என் மேலெல்லாம் தண்ணீர்.

பாட்டில் மூடிகளை மாற்றிவிட்டேன். ஜாடி மூடி அளவுக்குக் குறைந்து எதுவும் வீட்டில் இல்லை.

பேராசை இல்லாத பிள்ளை அண்ணி. கையில் ஒரு பிஸ்கட் இருக்கும்போது இன்னொன்றை நீட்டினால், முதல் பிஸ்கட்டை மடியில் வைத்துவிட்டு, அதே கையால் அடுத்ததை வாங்கிக்கொள்கிறாள். மற்ற பிள்ளைகள் இரண்டு கையிலும் அள்ளும். நம்முடையது மரியாதை தெரிந்தது.

அண்ணன் அடுத்த ஞாயிறு வருவான். வார்டின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று அவன் அழுதால் கண்டுகொள்ளாதீர்கள், வெளியே வந்ததும் ஜலதோஷம் என்பான்.

கண்ணாடி


மார்ச் 26

கண்ணாடி,

இடது கை எங்கே?

உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். நூலை எடுத்தது வலது கை. மூடி போட்டது, ஜிப் இழுத்தது, எல்லாம் ஒரு கை. பாட்டிலை நீ பிடிக்கிறாய், அல்லது தொடை பிடிக்கிறது. கை தட்டுவது உன் கையில். இரண்டாவது பிஸ்கட்டும் அதே கையில். இதற்குப் பெயர் மரியாதை இல்லை.

பிஸ்கட் கம்பெனியில் எனக்கு என்ன வேலை என்று உனக்குத் தெரியும். ஓடுகிற பெல்ட்டில் இருப்பதைப் பார்க்க ஆயிரம் பேர் கிடைப்பார்கள். இல்லாததைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

அவளுடைய வலது கையை மெதுவாக உன் கைக்குள் பிடித்துக்கொள். இறுக்காதே. இடது பக்கம் பிஸ்கட்டை நீட்டு. என்ன செய்கிறாள் என்று எழுது. அழகுபடுத்தாமல் எழுது.

நான் இங்கிருந்து ஓடி வர முடியாது. அதை நினைவில் வைத்துக்கொண்டு எழுது.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணி,

நீங்கள் சொன்னபடி செய்தேன். வலது கையைப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் பிஸ்கட்டை நீட்டினேன். என்னைப் பார்த்தாள். பிஸ்கட்டைப் பார்த்தாள். இடது கை தோளிலிருந்து கொஞ்சம் எழும்பியது. விரல்கள் திறக்கவில்லை. கட்டைவிரல் முஷ்டிக்கு உள்ளேயே இருந்தது. பிறகு குனிந்து வாயாலேயே பிஸ்கட்டைக் கவ்விக்கொண்டாள். கவ்விவிட்டுச் சிரித்தாள் அண்ணி. அழுதது நான்தான்.

இனி மறைத்துப் பயனில்லை. எனக்கு முன்பே தெரியும். முதலில், பிள்ளை இப்போதே வலது கைக்காரி ஆகிவிட்டது என்று பெருமைப்பட்டேன். குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன், இடது உள்ளங்கையில் அழுக்கும் நூலும் சேர்ந்திருந்தது. விரலை விரித்தால் மறுபடி மூடிக்கொண்டது. அண்ணனிடம் காட்டினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அண்ணிக்கு எழுதிராத. மாத்திரையவே வாந்தி எடுத்துக்கிட்டு இருக்கா. இது தெரிஞ்சா அதையும் நிறுத்திட்டு எந்திரிச்சு வந்துருவா" என்றான்.

நான் பொய் எழுதவில்லை. நடந்ததைத்தான் எழுதினேன். ஆனால் ஒவ்வொரு வரியிலும் அந்தக் கையைத் தள்ளித் தள்ளி வைத்து எழுத எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

குழந்தைகள் நரம்பு டாக்டரிடம் பதினான்காம் தேதிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அதற்கு முன்னால் கிடைக்கவில்லை. தினமும் காலையில் ஃபோன் செய்து, யாராவது வராமல் போனால் எங்களைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சுகிறேன். அங்கே ஃபோன் எடுக்கிற பெண்ணுக்கு என் குரல் பழகிவிட்டது, "இன்னைக்கும் இல்லக்கா" என்கிறாள்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

கண்ணாடி


ஏப்ரல் 6

உனக்கும் உன் அண்ணனுக்கும் சேர்த்து எழுதுகிறேன். அவனுக்குப் படித்துக் காட்டு.

என் பிள்ளையின் கையைப் பற்றி எனக்குச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்ய நீங்கள் யார்? எனக்கு நுரையீரலில்தான் நோய். மூளையில் இல்லை. போன ஞாயிறு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, "எல்லாம் நல்லாருக்கு, எல்லாம் நல்லாருக்கு" என்று தலையாட்டினானே, அப்போது அவனுக்குத் தெரியும்தானே?

இன்னொன்று. நீ இடது கைக்காரி. எல்லா வேலையும் இடது கையால் செய்வாய், அதனால் பிள்ளையை எப்போதும் வலது இடுப்பில்தான் இடுக்குவாய். அப்படித் தூக்கினால் அவளுடைய இடது கை உன் முதுகுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். நான் இங்கே வந்த நாளிலிருந்து அவள் உன் இடுப்பில்தான் இருக்கிறாள். நாள் முழுக்க அடைபட்டுக் கிடக்கிற கை எப்படித் திறக்கும்? யோசித்துப் பார்.

என் அக்காவுக்கு எழுதியிருக்கிறேன். அவள் வந்து பூசணியை அழைத்துப் போவாள். பிள்ளையின் துணிகளை எடுத்து வை.

டாக்டர் சொல்வதை வார்த்தை மாறாமல் எழுது. அதுவரை வேறெதுவும் எழுத வேண்டாம்.


ஏப்ரல் 16

அண்ணிக்கு,

பதினான்காம் தேதி டாக்டரைப் பார்த்தோம். அண்ணனும் லாரியை வேறொருவரிடம் விட்டுவிட்டு வந்தான். வார்த்தை மாறாமல் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

வயதான பெண் டாக்டர். பூசணியைத் தரையில் விட்டு, பந்து, மணி, சதுரக் கட்டை என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார். இடது காலையும் பார்த்தார். கால் பரவாயில்லை, லேசான விறைப்பு மட்டும். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க அம்மாவா?" என்றார்.

"அத்தை. அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க."

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "டாக்டர், நான் இடது கைக்காரி. இவள எப்பவும் வலது இடுப்புலதான் தூக்குவேன். இவ கை என் முதுகுக்குப் பின்னாடி போயிரும். அதனாலயா?" என்று கேட்டேன். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். உங்கள் கடிதத்தின் அந்தப் பகுதியை நான் அவனுக்குப் படித்துக் காட்டவில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இடுப்புல தூக்கிக் கை போகும்னா உலகத்துல பாதிப் பேருக்குக் கை இருக்காதும்மா" என்றார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் கேட்டேன். உங்கள் மனதில் அது இருக்கும் என்று எனக்குத் தெரியும். "வயித்துல இருக்கும்போதே அவங்கம்மாவுக்கு நோய் இருந்திருக்குமோ, அதனாலயா?" என்றேன்.

"அப்படிச் சொல்ல எனக்கு எந்த அடையாளமும் தெரியல. பொறக்குறதுக்கு முன்னாடியோ பொறக்குற சமயத்துலயோ மூளைல ஒரு சின்ன எடத்துக்கு ரத்தம் சரியாப் போயிருக்காது. ஏன்னு பெரும்பாலும் கண்டுபிடிக்கவே முடியாது. ஸ்கேன் எடுத்துப் பாப்போம். ஆனா யாரும் பண்ணி வந்ததில்ல இது."

அண்ணன்தான் கேட்டான், "முழுசா சரியாயிருமா?" என்று.

"அந்தக் கை மாதிரியே இந்தக் கையும் ஆகும்னு சொல்ல மாட்டேன். ஆனா உதவுற கையா ஆக்கலாம். பிடிச்சுக்கும், தாங்கிக்கும். இந்த வயசுல வந்ததே பெரிய விஷயம். பல பேரு ரெண்டு மூணு வயசு ஆனப்புறம்தான் வருவாங்க."

சீக்கிரம் வந்ததற்குக் காரணம் நீங்கள். நான் இல்லை. அதை எழுதாமல் இருக்க முடியாது.

அடுத்த அறையில் கைப்பயிற்சி தருகிற அம்மா ஒருவர் இருக்கிறார். விளையாட்டுதான் பயிற்சி. வலது கையில் ஒரு சாக்ஸை மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் இடது கையோடு விளையாட வேண்டும். அழுதால் உடனே கழற்றிவிட வேண்டும். பிறகு இரண்டு கையும் சேர்ந்தால்தான் முடிகிற விளையாட்டு: பெரிய பந்து, மூடி போட்ட டப்பா, காகிதம் கிழிப்பது, மாவை இழுப்பது. நான் இனிமேல் எதையும் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நீங்க பிடிச்சுக்கிட்டா அது எதுக்குப் பிடிக்கணும்?" என்றார். நான் உதவி என்று நினைத்துச் செய்ததெல்லாம் அந்தக் கைக்கு விடுமுறை கொடுத்ததுதான்.

சாக்ஸ் போட்டால் அழுகிறாள். இரண்டு நாளாக அதுதான் நடக்கிறது.

துணிகளைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன். பயிற்சிகளையெல்லாம் தனித்தாளில் எழுதி மேலேயே வைத்திருக்கிறேன். உங்கள் அக்கா எப்போது வருகிறார் என்று எழுதினால், கடையில் சொல்லிவிட்டு வீட்டில் இருப்பேன். இப்போது இடது இடுப்பில்தான் தூக்குகிறேன். வேறு காரணம் இல்லை, பழகிக்கொள்கிறேன்.

அத்தை


ஏப்ரல் 23

கண்ணாடி,

உன் கடிதத்தை நர்ஸ் கொண்டுவந்தபோது நான் பிரிக்கவில்லை. பக்கத்துப் படுக்கைக் கல்லூரிப் பெண்ணைப் பிரித்துப் படிக்கச் சொன்னேன். "யாரும் பண்ணி வந்ததில்ல" என்கிற வரியை அவள் இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது.

சாக்ஸ் விஷயம். அவளைப் பொறுத்தவரை நீ கையைப் பிடுங்கி வைக்கிறாய். அழாமல் என்ன செய்வாள்? சாக்ஸில் இரண்டு கண், ஒரு மீசை வரை. அது பூனை. பூனைக்குத் தூக்கம் வருகிறது. "ஷ்ஷ், பூனை தூங்குது, எழுப்பாதே" என்று சொல்லி அவளையே தட்டிக்கொடுக்கச் சொல். தட்டிக்கொடுக்க அவளுக்கு இடது கைதான் மிச்சம் இருக்கும். நீ முதலில் உன் கையில் மாட்டிக் காட்டு. அதட்டாதே, கணக்குப் பார்க்காதே, அவளுக்குச் சலித்தால் விட்டுவிடு.

ஸ்கேன் எப்போது? காலைப் பற்றி மறுபடி கேள். விறைப்பு என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். அந்த ஒரு வார்த்தையோடு நான் ஒரு வாரம் குடித்தனம் நடத்தினேன்.

என் சளிப் பரிசோதனை இந்த மாதம் சுத்தமாக வந்தது. சந்தோஷப்படாதே, அடுத்ததும் அப்படியே வர வேண்டும். முன்பு ஒருமுறை வந்து ஏமாற்றியிருக்கிறது. மாத்திரையை நிறுத்தவில்லை என்று உன் அண்ணனிடம் சொல்.

மீதியை அடுத்த தாளில் எழுதுகிறேன். இந்தத் தாளில் இடம் இருக்கிறது, இருந்தாலும் அதைத் தனியாக எழுத வேண்டும்.

அந்த இடுப்பு விஷயத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. எழுதும்போதே அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். பயத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது, நீதான் பக்கத்தில் இருந்தாய், அவ்வளவு தூரத்தில் இருந்தும். நான் பெற்றுவிட்டு வந்து படுத்துக்கொண்டேன், நீ கல்யாணப் பேச்சைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு என் பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருக்கிறாய். உன்னைப் போய் அப்படிக் கேட்டுவிட்டேன். என்னை மன்னித்துக்கொள்.

நான் கேட்கத் துணியாததை எனக்காக நீ டாக்டரிடம் கேட்டாய்.

அக்காவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பூசணி உன்னிடமே இருக்கட்டும். பையைப் பிரித்துவிடு.

அவளுக்கு என்னை நினைவிருக்கிறதா? இதற்கு மட்டும் அழகுபடுத்தி எழுதினாலும் பரவாயில்லை.

அண்ணி


மே 2

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தின் முதல் தாளைப் படித்தேன். இரண்டாம் தாளைப் படிக்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பூனை வேலை செய்கிறது. முதல் நாள் பூனையைத் தூங்கவைக்க முயன்றாள், இடது கை வரவில்லை, கன்னத்தாலேயே தட்டினாள். இப்போது முஷ்டியாலேயே இரண்டு தட்டு தட்டுகிறாள். ஸ்கேன் இருபதாம் தேதி. காலைப் பற்றிக் கேட்டேன், நடை கொஞ்சம் தாமதமாகலாம், ஆனால் நடப்பாள் என்றார்கள். கைப்பயிற்சி அம்மா, "அவசரப்பட்டா பிள்ளை கைய ஒளிச்சு வச்சுக்கும்" என்று என்னை எச்சரித்துக்கொண்டே இருக்கிறார். நான் அவசரப்படவில்லை, ஆனால் எந்நேரமும் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பூசணி சில சமயம் என் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பிவிடுகிறாள், என்னைப் பார் என்று.

நேற்று மதியம் உங்கள் கடிதம் வந்தது. தரையில் உட்கார்ந்து படித்தேன். முதல் தாளை முடித்து மடியில் வைத்தேன். இரண்டாம் தாளைப் பிரிப்பதற்குள் பூசணி பிடுங்கிக்கொண்டாள். வலது கையால்தான் பிடுங்கினாள். கொடுத்துவிடு என்று கை நீட்டினேன். தரமாட்டேன் என்று திரும்பிக்கொண்டவள், தாளின் இன்னொரு முனையை இடது முஷ்டிமேல் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். தாள் நழுவியது. மறுபடி தேய்த்தாள். பிடித்துக்கொடுக்கலாம் என்று கை துறுதுறுத்தது, என் கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

கட்டைவிரல் வெளியே வந்தது அண்ணி. தாள் உள்ளே போனது. விரல்கள் மூடிக்கொண்டன. வலது கையால் இழுத்தாள். பரக்!

அந்தச் சத்தத்தில் அவளே பயந்துபோனாள். இரண்டு கையிலும் இரண்டு துண்டு. மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒரு சிரிப்பு. மறுபடி கிழித்தாள். சத்தம் கேட்டு எழுந்து வந்த அண்ணன், "ஏய் ஏய், லெட்டரு!" என்று பாய்ந்தான். "விடுண்ணே, கிழிக்கட்டும்" என்றேன். அவன் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். ஜலதோஷம் என்றுகூடச் சொல்லவில்லை.

மூன்றாவது முறை விரல் திறக்கவில்லை. அதன் பிறகு சாயங்காலம் வரை திறக்கவில்லை. இன்று காலை ஒருமுறை. அவ்வளவுதான். அதிகமாகச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. இனிமேல் எல்லாவற்றையும் அப்படியே எழுதுகிறேன்.

மிச்சத் துண்டுகளை அவள் வாயில் போட்டுவிடாமல் பிடுங்கிச் சேர்த்தேன். பாதி எச்சிலில் ஊறி மை கலைந்துவிட்டது. "நினைவிருக்கிறதா" என்று ஒரு துண்டில் முழுதாக இருந்தது. என்ன கேட்டிருப்பீர்கள் என்று தெரியும். அழகுபடுத்தாமலே பதில் சொல்கிறேன். படுக்கப் போகுமுன் உங்கள் ஃபோட்டோவைக் காட்டுவேன். சில நாள் பார்ப்பாள், சில நாள் பார்க்கமாட்டாள். ஆனால் உங்கள் பச்சைப் போர்வை இல்லாமல் இன்றுவரை தூங்கியதில்லை. வேறு போர்வை போட்டால் உதைத்துத் தள்ளிவிடுகிறாள்.

மற்ற துண்டுகளில் ஒன்றும் புரியவில்லை. திட்டாக இருந்தால் போகட்டும், உங்கள் மகளே அதற்கு முடிவு கட்டிவிட்டாள். உங்கள் அக்கா வருகிற தேதி எழுதியிருந்தீர்களா என்று ஒவ்வொரு துண்டாகத் தேடினேன். எண் எதுவும் கண்ணில் படவில்லை. அதனால் அவர் வரவில்லை என்று நானே முடிவு செய்து, பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டேன். தப்பென்றால் எழுதுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த கடிதத்தை இவ்வளவு தடித்த தாளில் எழுதாதீர்கள். மெல்லிசாக, சட்டென்று கிழிகிற தாளாகப் பார்த்து எழுதுங்கள். நான் வேகமாகப் படித்துக்கொள்கிறேன்.

கண்ணாடி